யாருடைய தியாகம்?

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்பும், பங்கு இல்லத்து வராந்தாவில் ஓர் இளந்தாய் தயங்கி நின்றுகொண்டிருந்தார். கணவர் இராணுவத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணி செய்பவர். ஊர்தி பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறார். கடந்த ஆண்டு அவருக்கு லடாக்கின் லே நகருக்கு மாற்றலாயிற்று. வீட்டில் மூவர் இருக்கிறார்கள்: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், ஐந்து வயது மகன், சர்க்கரை நோயால் கண்பார்வை மங்கிவரும் மாமியார்.

"சாமி, அவுக அங்க வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்காக. ஏப்ரல்ல பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வந்துடு, ஒரு வருசம் சேர்ந்து இருப்போம்ங்கிறாக. எங்க அம்மா போன்னு சொல்றாங்க. அண்ணன், சின்னப் பிள்ளையை வெச்சுக்கிட்டு அந்தக் குளிருக்குப் போவியான்னு திட்டுறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செய்றேன்."

விடை நம் நாவின் நுனியிலேயே இருந்தது. 'கணவர் இருக்குமிடமே குடும்பத்தின் இடம். போய் வா மகளே' என்று ஆசி கூறி அனுப்பியிருக்கலாம். திருமண மேடையில் நின்று நாமே எத்தனை முறை மறையுரையாற்றியிருக்கிறோம்! ஆயினும் அந்தச் சொற்கள் வெளிவரவில்லை. காரணம், பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், வேறொரு படைவீரரின் மனைவிக்கு இதே சொற்களை நாம் கூறியதுண்டு. அவரும் வடக்கே ஒரு குளிர்ப் பகுதிக்குச் சென்றார். சென்ற சில வாரங்களில் கணவர் எல்லை முகாமுக்கு அனுப்பப்பட்டார். மொழி தெரியாத ஊரில், ஒற்றை அறையில், கைக்குழந்தையோடு அவர் ஏழு மாதங்கள் கழித்தார். திரும்பி வந்தபோது முன்பிருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. நம்மை அவர் குறை கூறவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு போனேன், சாமி" என்று மட்டும் கூறினார். குற்றச்சாட்டாகச் சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இம்முறை, "ஒரு வாரம் கழித்து வாருங்கள், சேர்ந்து சிந்திப்போம்" என்று கூறி அனுப்பினோம். அந்த ஒரு வாரமும் அதற்குப் பின்னும் நாம் சிந்தித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளையோ மருமக்களையோ படைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தில் குறைவல்ல. இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்து அமரக்கூடும்.

முதற்கண் அந்த இடத்தை அறிந்துகொள்வோம். இடத்தை அறியாமல் இடம்பெயர்வதைப் பற்றிப் பேசுவது பொறுப்பாகாது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாம் அறிந்த கொடைக்கானலின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. பழக்கமில்லாத உடலுக்குத் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை வரக்கூடும். கவனியாது விட்டால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் வலிமை மிக்க படைவீரர்களுக்கே, அவ்வுயரத்தை அடைந்ததும் ஆறு நாட்கள் ஓய்வும் படிப்படியான நடையும் என இராணுவம் விதி வகுத்திருக்கிறது. தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரையிலும் இறங்குவதுண்டு. குழாயில் நீர் உறைந்துவிடும். அறையைச் சூடாக்க 'புகாரி' எனப்படும் கணப்பு அடுப்பை மூட்டுவார்கள். அடைத்த அறையில் அதன் புகை வெளியேற வழியில்லையெனில், மணமற்ற நச்சு வாயு உறங்குவோரின் உயிரைக் கவர்ந்துவிடும். காஷ்மீரிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை சோஜிலா கணவாயில் பனியால் அடைபடும்போது வான்வழியே வாயிலாகும். வானிலை கெட்டால் அதுவும் இல்லை.

இவற்றை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. லடாக் மக்கள் பன்னெடுங்காலமாக அங்கே வாற்கோதுமை விளைத்து, பிள்ளை பெற்று, பாட்டுப் பாடி வாழ்ந்துவருகிறார்கள். குளிர் ஒரு தீமையன்று. அது ஓர் ஊரின் இயல்பு. நம் கடற்கரையின் வெயிலும் உப்புக்காற்றும் அவர்களுக்கு எவ்வளவு அந்நியமோ, அவர்களின் பனி நமக்கு அவ்வளவே அந்நியம். எனவே, 'அங்கே குளிர், ஆகவே போகக்கூடாது' என்பது ஒரு முடிவாகாது. அது ஆயத்தம் செய்யவேண்டிய ஒரு செய்தி மட்டுமே.

மற்றொரு குழப்பத்தையும் விலக்க வேண்டியுள்ளது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனிச்சரிவில் சென்னைப் படைப்பிரிவின் வீரர்கள் பதின்மர் சிக்கி உயிரிழந்ததையும், 2020-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் இருபதுபேர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. அந்த இருபதின்மரில் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்தவர். ஆனால், அவை எல்லை முனையில் நிற்போர் எதிர்கொள்ளும் ஆபத்துகள். அங்கெல்லாம் குடும்பங்கள் செல்வதில்லை. கணவரின் உயிரைப் பற்றிய அச்சம் வேறு. குடும்பம் குடியேறும் ஊரைப் பற்றிய அச்சம் வேறு. இரண்டும் பின்னிக்கிடக்கும்போது மனம் தெளிவாகச் சிந்திக்க இயலாது. அவர் ஆபத்தில் இருக்கிறாரே என்ற தவிப்பில் உடனே ஓடிச்செல்லத் துடிப்பதும், அதே தவிப்பில் அந்தத் திசையையே வெறுப்பதும், ஒரே அச்சத்தின் இரு முகங்கள்.

நம் முன்னோர் இக்கேள்வியை எவ்வாறு கண்டனர்? பாசறையில் பெண்ணோடு உறைதல் இல்லை என்று தொல்காப்பியம் விதித்தது. தலைவன் போருக்குச் செல்வான். தலைவி இல்லில் இருந்து ஆற்றியிருப்பாள். அதனையே முல்லை என்னும் ஒழுக்கமாக நம் இலக்கியம் போற்றியது. நக்கீரரின் நெடுநல்வாடையை இங்கு நினைவுகூரலாம். கூதிர்க்காலக் குளிரில் அரசி அரண்மனையில் உறக்கமின்றி வருந்துகிறாள். அரசனோ நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் கூறிக்கொண்டிருக்கிறான். அந்த நூலின் பெயருக்கு உரைகாரர் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. பிரிந்திருக்கும் அரசிக்கு அது நெடிய வாடை. கடமையாற்றி வெற்றி காணும் அரசனுக்கு அது நல்ல வாடை. வீசுவது ஒரே காற்று. ஆனால் அவளுக்கு ஓர் அளவு, அவனுக்கு வேறோர் அளவு.

இந்த நுண்மையான அறிவை நாம் மறந்துவிடுகிறோம். 'குடும்பம்' என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டு, குடும்பத்துக்கு எது நல்லது என்று கேட்கிறோம். லே நகரின் குளிர்காலம் தந்தைக்கு ஒன்று. பகலில் பணிமனையும் தோழரும், மாலையில் மனைவி மக்களும் அவருக்கு உண்டு. மனைவிக்கு அது வேறொன்று. மொழியும் உறவும் அற்ற நீண்ட பகல்கள். ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு இன்னொன்று. மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ் வழியில் பயின்றவள் திடீரென மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறிப் பொதுத்தேர்வை எதிர்கொள்ள வேண்டும். குளிரும்போதெல்லாம் இளைப்பு வரும் மகனுக்கு மற்றொன்று. வீட்டில் தனித்துவிடப்படும் மூதாட்டிக்கோ, பனியே விழாத நம் கடற்கரையில் ஒரு குளிர்காலம்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். போகாமலிருப்பதும் ஒரு முடிவே; அதற்கும் விலை உண்டு. அந்தச் சிறுவனிடம் "அப்பா எங்கே?" என்று கேட்டால் கைப்பேசியைக் காட்டுகிறான். அதில்தான் அவன் தன் ஓவியங்களைக் காட்டுகிறான். பல் விழுந்ததைக் காட்டுகிறான். சென்ற விடுமுறையில் தந்தை வாசலில் வந்து நின்றபோது, பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பதினான்கு ஆண்டு மணவாழ்வில் இருவரும் சேர்ந்து வாழ்ந்த மாதங்களைக் கூட்டினால் ஐந்து ஆண்டுகள் தேறாது என்று அந்தத் தாய் கூறினார். 'நாட்டுக்காகச் செய்யும் தியாகம்' என்று இதனை நாம் எளிதாகப் பாராட்டிவிடுகிறோம். பாராட்டுபவர்கள் நாம், இழப்பவர்கள் அவர்கள்.

ஆக, எந்த வழியில் சென்றாலும் தியாகம் உண்டு. எனவே, 'தியாகம் செய்ய வேண்டுமா?' என்பது இங்கே கேள்வியாகாது. 'யாருடைய தியாகம்? அதைச் செய்ய முடிவெடுப்பவர் யார்?' என்பதே அறத்தின் கேள்வி.

தியாகம் என்பது ஒருவர் தம்முடையதைத் தாமே மனமுவந்து கொடுப்பது. பிறருடையதை எடுத்துக் கொடுப்பது தியாகமாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. படைவீரர் உறுதிமொழி எடுத்தே படையில் சேர்ந்தார். பனியும் பிரிவும் அவர் அறிந்து ஏற்றவை. மனைவி படையில் சேரவில்லை. அவர் உறுதிமொழி கொடுத்தது கணவருக்கு. இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பதாகக் கொடுத்த அந்த வாக்கின் பெயரால் அவர் பனிமலைக்கும் செல்லலாம். அல்லது கணவரின் தாயைக் காத்து ஊரிலும் இருக்கலாம். இரண்டும் அவர் கொடுக்கக்கூடியவை. ஆனால், அவரே கொடுக்க வேண்டும். கணவரோ, பெற்றோரோ, பங்குத்தந்தையோ அவர் சார்பில் கொடுத்துவிட முடியாது.

குழந்தைகள் எந்த உறுதிமொழியும் எடுத்தவர்கள் அல்லர். இதற்கு லடாக்கின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. மொரேவியச் சபையைச் சேர்ந்த செர்மானிய மறைப்பணியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இமயமலையின் கேலாங் பகுதிக்கு வந்தனர். 1885-இல் லே நகரில் பணியைத் தொடங்கினர். பள்ளியும் மருத்துவமும் தந்த அவர்களை லடாக் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. 1891-இல் பரவிய கொள்ளைநோயில் லே நகரப் பணியாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுடைய ஈகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால், அக்கால வழக்கப்படி, அவர்களின் பிள்ளைகள் சிறு வயதிலேயே படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். பெற்றோரை மீண்டும் காணப் பல ஆண்டுகள் ஆயின. பெற்றோர் தம் அழைத்தலுக்குத் தம்மைக் கொடுத்தனர். பிள்ளைகள் கொடுத்தது என்ன என்பதை எந்த ஆண்டறிக்கையும் கணக்கிடவில்லை.

'பெற்றோர் பிள்ளைகளைக் கேட்டா ஒவ்வொன்றையும் முடிவு செய்கிறார்கள்?' என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. பிள்ளையின் விருப்பமே இறுதி முடிவு என்று நாம் கூறவில்லை. தமக்காக முடிவெடுக்கும்போது ஒருவர் கடினமானதை, வீரமானதைத் தேர்ந்துகொள்ளலாம். பிள்ளைக்காக முடிவெடுக்கும்போதோ, வீரத்தை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது; பிள்ளையின் நன்மையே அளவுகோல். அந்த நன்மையில் மூச்சும் படிப்பும் அடங்கும். தந்தையின் மடியும் அடங்கும். ஆகவே இந்த நெறி 'போ' என்றும் சொல்வதில்லை, 'போகாதே' என்றும் சொல்வதில்லை. எதைக் கொண்டு நிறுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

நிறுப்பது எவ்வாறு? குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாவிடம் நாம் கற்ற ஒன்று இங்கே துணையாகிறது. முன்மதி என்னும் நற்பண்பிற்கு மூன்று செயல்கள் உண்டு என்பார் அவர்: நன்கு ஆராய்தல், சரியாகத் தீர்மானித்தல், தீர்மானித்ததைச் செயல்படுத்தல். நம்மில் பலர் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படிக்கு ஓடிவிடுகிறோம். சிலர் முதற்படியிலேயே வாழ்நாள் முழுவதும் அமர்ந்துவிடுகிறோம். புனித இஞ்ஞாசியார் ஒரு படைவீரர். 1521-இல் பம்பலூனா கோட்டைப் போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தவர். தமது ஆன்மீகப் பயிற்சிகளில், முடிவெடுக்கத் திணறுவோருக்கு அவர் ஒரு வழி காட்டுகிறார். நீ அறியாத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால் அவருக்கு என்ன அறிவுரை கூறுவாய் என்று எண்ணிப் பார். பின் அதையே நீயும் செய் என்கிறார்.

ஒரு வாரம் கழித்து வந்த அந்தத் தாயிடம் இதனையே கேட்டோம். "உங்களைப் போலவே ஒரு பெண், பக்கத்து ஊர்க்காரி, உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

சற்று நேரம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "முதல்ல ஒம் மககிட்டயும் மாமியார்கிட்டயும் கேளுடின்னு சொல்லுவேன்" என்றார். சொன்ன கணமே அவர் முகம் மாறிற்று. "நான் கேட்கவே இல்லியே, சாமி" என்றார்.

நாமும் கேட்கச் சொல்லவில்லை, அவருடைய அன்னையும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. எல்லாரும் விடை கூறிக்கொண்டிருந்தோம், யாரும் வினவவில்லை.

அவர் சென்று கேட்டார். மகள் படிப்பைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "நாம போயிட்டா பாட்டிக்கு இன்சுலின் யாரு போடுவா?" என்றாள். நாள்தோறும் பாட்டிக்கு ஊசி போடுபவள் அவள்தான். மாமியார், "நான் யாருக்கும் தடையா இருக்க மாட்டேன்" என்றார். வாசகர்களே, முதியோர் கூறும் இவ்வாக்கியத்தை ஒருபோதும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் கைவிடப்படுவோம் என்ற அச்சத்தின் மறுமொழி. இரண்டாம் முறை, விளக்கணைத்த பின்னர்க் கேட்டபோதுதான், "ராத்திரி தனியா இருக்கத்தான் பயமா இருக்கு" என்று உண்மையைக் கூறினாராம்.

கணவரிடமும் அவர் கேட்டார்: "எதுக்கு எங்களை வரச் சொல்றீக?" மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. பின்பு அவர் சொன்னார்: "பையன் என்னை அடையாளம் தெரியாம ஒளிஞ்சான்ல, அதுலருந்து எனக்குத் தூக்கமில்ல." பதினான்கு ஆண்டுகளில் தம் மனத்துயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை என்றார் அந்தத் தாய்.

அதன்பின் அவர்கள் நால்வரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. ஓராண்டுக் குடியேற்றம் வேண்டாம். மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், மகனை மருத்துவரிடம் காட்டி அவர் இசைவு தந்தால், கோடை விடுமுறையை லே நகரில் தந்தையோடு கழிப்பது. முதல் வாரம் வீட்டைவிட்டு எங்கும் செல்லாது ஓய்வெடுப்பது. பள்ளி திறக்குமுன் திரும்பிவிடுவது. அடுத்த மாற்றல் குடும்பத்தோடு வாழக்கூடிய ஊருக்கு வாய்த்தால் அனைவரும் சேர்ந்து செல்வது. பாட்டியும் உடன் செல்வது.

இது முழுமையான விடையா? அன்று. வரும் குளிர்காலத்தில் அவர் மீண்டும் தனித்திருப்பார். விமான நிலையத்தில் பையன் அழுவான். இம்முறை தந்தையை அறிந்தபின் அழுவதால் அவ்வழுகை இன்னும் கடுமையாக இருக்கும். இந்த விலையை யாரும் மறைக்கவில்லை. இதே லே நகருக்கு, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளோடும், ஊரில் பெற்றோரைக் கவனிக்க உடன்பிறந்தோர் இருக்கும் நிலையிலும், வேறொரு குடும்பம் ஓராண்டு சென்று தங்கினால் அதுவும் சரியான முடிவாகலாம். ஒரே முகாமைச் சேர்ந்த இரு குடும்பங்கள் எதிரெதிர் முடிவுகளை எடுத்து, இரண்டும் நல்ல முடிவுகளாக அமைவது இயலாததன்று. முடிவின் வடிவத்தை மட்டும் பார்த்து அதன் அறத்தை அளக்க முடியாது. அதைச் சுமக்கப்போகிறவர்கள் அனைவரும் கேட்கப்பட்டார்களா, அவர்கள் சொன்னது செவிமடுக்கப்பட்டதா, கேட்க இயலாத சிறியோரின் நன்மை நேர்மையோடு நிறுக்கப்பட்டதா என்பவற்றைக் கொண்டே அளக்க முடியும்.

அறிவுரை கூறும் இடத்தில் இருக்கும் நம் எல்லாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மனச்சான்று மனிதரின் மிக அந்தரங்கமான தூயகம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அங்கே நுழைந்து மற்றவருக்காக முடிவெடுக்க அருட்பணியாளருக்கும் உரிமை இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கலாம். அன்று ஏழு மாதங்களைப் பனியில் கழித்த அந்தப் பெண்ணிடம் நாம் செய்த பிழை, தவறான விடை கூறியது என்பதைவிட, அவர் கண்டடைய வேண்டிய விடையை நாமே கூறியதே ஆகும்.

சென்ற வாரம் அந்தத் தாய் மீண்டும் வந்தார். போகலாமா என்று கேட்பதற்காக அன்று. பயணச்சீட்டு எடுத்தாயிற்று என்று அறிவிப்பதற்காக. புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "நாங்க வர்ற வரைக்கும் ராத்திரியில அத்தைக்குத் துணையா யாராவது வந்து படுத்துக்கிடுவாங்களா, சாமி? காலையில ஊசி போடவும் ஒரு ஆள் வேணும்."

அதற்கு மட்டும் நம்மால் உடனே விடை கூற முடிந்தது.